தசை நோய்: மரபணுவா, எதிர்ப்பு சக்தியா? எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேருக்குத் தசை நோய். ஒருவன் அக்கா மகன். அவனுக்குப் பிறவியிலேயே மரபணுவில் கோளாறு. இன்னொருவர் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அவருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே தசையைத் தாக்க ஆரம்பித்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, படி ஏற முடியாது, கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. ஆனால் வைத்தியம் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்காததால் சித்திக்கு 14 மாதம் வீணாகப் போனது. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

நரம்புத் தளர்ச்சியும் தசை நோயும் ஒன்றா?

இல்லை. நம்மூரில் கை கால் சோர்ந்தால் எல்லாவற்றுக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரே பேர் வைத்துவிடுகிறோம். மூளையிலிருந்து கட்டளை முதுகுத்தண்டு வழியாக நரம்புக்கு வந்து, நரம்பு முடியும் இடத்தில் தசைக்குக் கைமாறுகிறது. இந்த வழியில் எங்கே பழுதானாலும் பலவீனம் வரும். நரம்பில் பழுதென்றால் பெரும்பாலும் மரத்துப்போதல், எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு சேர்ந்தே வரும். தசையில் மட்டும் பழுதென்றால் தொட்டால் நன்றாகத் தெரியும், சூடு குளிர் தெரியும், பலம் மட்டும் இருக்காது. அதிலும் பெரும்பாலான வகைகளில் இடுப்பு, தொடை, தோள் போன்ற பெரிய தசைகள்தான் முதலில் விழும். அவற்றில் விரல்கள் கடைசி வரை வேலை செய்யும்.

சித்தி ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பீடி சுற்றுகிறவர். காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, நோய் வந்த பிறகும் எப்போதும் போல வேகமாகச் சுற்றினார். வெட்டிய இலையில் தூளை வைத்து உருட்டி நூல் கட்டுகிற விரல்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாப்பாட்டுக்கு எழ வேண்டுமென்றால் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, குப்புறத் திரும்பி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, சுவரைப் பிடித்துப் பிடித்து எழுவார். “வெரலு சொன்னபடி கேக்கு, இடுப்புதான் கேக்க மாட்டேங்கு” என்பார். தசை நோய் எப்படி இருக்கும் என்று யார் கேட்டாலும் நான் இந்த வார்த்தையைத்தான் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளையிடம் எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்?

ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை, ஓடும்போது மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடிக்க முடியவில்லை, அடிக்கடி விழுகிறான், முன்பாதத்தை மட்டும் ஊன்றி நடக்கிறான், கெண்டைக்கால் மட்டும் பருத்து உருண்டிருக்கிறது. பையன்களிடம் இதெல்லாம் 3 முதல் 5 வயதுக்குள் கண்ணில் படும். கெண்டைக்கால் பருத்திருப்பதைப் பார்த்து எங்கள் ஆச்சி “நல்ல திடமான கால்” என்று சந்தோஷப்பட்டார். உள்ளே தசை அழிந்து அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிறைந்ததால் வந்த பருமன் அது.

இன்னொரு அடையாளத்தை வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையைத் தரையில் சப்பணமிட்டு உட்காரச் சொல்லுங்கள், அப்புறம் எழச் சொல்லுங்கள். கையை முதலில் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில் வைத்து, அங்கிருந்து தொடையில் வைத்து, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவது போல எழுந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வில்லியம் கோவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879-இல் இதை விளக்கி எழுதினார். இன்றும் அவர் பேரில்தான் சொல்கிறார்கள். எங்கள் பையன் அப்படி எழுந்ததை நான் முதலில் பார்த்தது குடும்பக் கோயில் கொடையில், பந்தி முடிந்து எல்லாரும் எழுந்தபோது. அவனுக்கு 5 வயது. அன்று இலை எடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. கூடியிருக்கிறது, ஈரல் கோளாறு என்கிறார்களே?

தயவுசெய்து இந்தப் பதிலை இரண்டு தடவை படியுங்கள். அந்த இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டும் இருப்பவை இல்லை, தசையிலும் உண்டு. தசை உடைந்தாலும் ரத்தத்தில் கூடும். எங்கள் பையனுக்கு இதைப் பார்த்துவிட்டு மஞ்சள் காமாலை என்று முடிவுகட்டி, கீழாநெல்லியை அரைத்து அரைத்துக் கொடுத்தோம். கண் மஞ்சளாகவில்லை, பிலிருபின் (காமாலையில் ரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறமி) சரியாக இருந்தது, ஆனாலும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வருடம் போய்விட்டது.

அந்த இரண்டும் கூடி, பிலிருபினும் ஜி.ஜி.டி. என்ற ஈரல் நொதியும் சரியாக இருந்தால் சி.பி.கே. என்ற தசை நொதிப் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண லேபிலேயே எடுப்பார்கள். பொதுவாக 200-க்குள் இருக்க வேண்டிய எண் அது. எங்கள் பையனுக்கு 18,000 வந்தது. டுஷேன் என்ற தசைச் சிதைவில் இப்படி 50 மடங்கு, 100 மடங்கு ஏறுவது வழக்கம். ஆனால் சி.பி.கே. கூடியிருக்கிறது என்பதை வைத்து மரபணுவா எதிர்ப்பு சக்தியா என்று சொல்லிவிட முடியாது. தசை உடைகிறது என்று மட்டும்தான் அது சொல்லும். கடுமையாக வேலை செய்த மறுநாளும் ஊசி போட்ட மறுநாளும் கூட ஓரளவு ஏறும்.

மரபணுவில் ஒரு எழுத்து பிசகினால் தசை ஏன் அழிய வேண்டும்?

பனையோலைப் பெட்டி முடைவதைப் பார்த்திருப்பீர்கள். ஓலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விளிம்பை நாரால் கட்டாவிட்டால், கருப்பட்டியை வைத்துத் தூக்கத் தூக்கப் பின்னல் நெகிழ்ந்து பிரிந்துவிடும். தசை நாரிலும் அப்படி ஒரு கட்டு உண்டு. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் தசை நாரின் உட்சட்டத்தை அதன் மேலுறையோடு பிணைக்கிறது. அது இல்லாத தசை ஒவ்வொரு முறை சுருங்கி விரியும்போதும் உறையில் கிழியும். உடம்பு கிழிசலைத் தைத்துக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் தைக்கிற சக்தி தீர்ந்துபோய் அங்கே கொழுப்பும் நாரும் குடியேறும். டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1860-களிலேயே இந்த நோயை விரிவாக எழுதிவிட்டார். காரணமான புரதத்தைக் கண்டுபிடித்தது 1987-இல்தான்.

டிஸ்ட்ரோஃபினுக்கான மரபணு மனிதனிடம் உள்ள மிகப் பெரிய மரபணுக்களில் ஒன்று. 22 லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீளம், 79 துண்டுகள். இவ்வளவு நீளமாக இருப்பதால் எங்காவது பிசகிப்போக வாய்ப்பும் அதிகம்.

டுஷேன், பெக்கர் என்று நோய்க்கு இரண்டு பெயர் சொல்கிறார்கள். ஒரே மரபணு என்கிறார்கள். பின்னே ஏன் ஒருவனுக்குக் கடுமை, ஒருவனுக்கு லேசு?

உடம்பு மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கும். தமிழிலேயே பார்ப்போம்:

மகள் தந்த நல்ல பழம்

ஒவ்வொன்றும் மூன்றெழுத்து. இதில் ‘நல்ல’ என்ற மூன்றையும் எடுத்துவிட்டால் ‘மகள் தந்த பழம்’. கொஞ்சம் குறைந்தாலும் பொருள் நிற்கிறது. அதற்குப் பதிலாக ‘மகள்’ என்பதில் உள்ள ‘க’ ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாக வாசித்தால்:

மள்த ந்தந ல்லப ழம்

ஒரே ஒரு எழுத்து போனது, அத்தனையும் உளறலாகிவிட்டது. டுஷேனில் பெரும்பாலும் நடப்பது இதுதான். புரதமே உருவாகாது. பெக்கரில் எழுத்துகள் மூன்றின் மடங்காகப் போயிருக்கும். புரதம் குட்டையாக வரும், ஆனாலும் வேலை செய்யும். அதனால்தான் 2 எழுத்து போனவனைவிட 300 எழுத்து போனவன் நன்றாக நடக்கலாம். எத்தனை போனது என்பதைவிடக் கூட்டு கெட்டதா என்பதுதான் முக்கியம். டுஷேன் பிள்ளைகள் மருந்தில்லாவிட்டால் சுமார் 12 வயதுக்குள் நடையை இழப்பார்கள். பெக்கர் உள்ளவர்கள் பலர் 20, 30 வயது தாண்டியும் நடப்பார்கள். ஆனால் இருவருக்கும் இதயத்தைக் கவனிக்க வேண்டும். கால் நன்றாக இருக்கிறது என்று எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் விட்டுவிடக் கூடாது.

பையன்களுக்கு மட்டும் ஏன்? அம்மா வழியாக வந்தது என்றால் அம்மா மேல் தப்பா?

அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று கெட்டால் இன்னொன்று தாங்கும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. கெட்ட மரபணுவைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் தாயைப் போலச் சுமப்பவளாக இருக்கவும் 50 சதவீத வாய்ப்பு.

தப்பு என்று ஒன்று இங்கே கிடையவே கிடையாது. யாரும் தன் மரபணுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பிறப்பதில்லை. அதிலும் டுஷேன் பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அம்மாவிடம் கோளாறே இருக்காது, புதிதாக ஏற்பட்டதாக இருக்கும். இந்தப் பேச்சால் புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அக்காவிடமும் “உன் வீட்டுச் சீக்கு” என்று ஒருவர் சொன்னார், பையன் காதுபட. மாமியார்கள், நாத்தனார்கள் யாராவது இதைப் படித்தால் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். அந்தப் பெண் தினமும் ராத்திரி நாலு தடவை எழுந்து பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கிறாள்.

அம்மா சுமப்பவர் என்று தெரிந்தால் அவருடைய தங்கை, மகள்களுக்கும் பரிசோதனை தேவைப்படும். சுமக்கும் பெண்களில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகலாம் என்பதால் அவர்களும் அவ்வப்போது எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது.

சொந்தத்தில் கல்யாணம் பண்ணியதால்தான் வந்ததா?

எந்த நோய் என்பதைப் பொறுத்தது. டுஷேனுக்கும் சொந்தத் திருமணத்துக்கும் சம்பந்தம் இல்லை. அசலில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும்.

இடுப்பையும் தோளையும் பிடிக்கிற வேறொரு கூட்டம் உண்டு. இடுப்பு-தோள் தசைச் சிதைவு என்று சொல்லலாம். கால்பெய்ன், டிஸ்ஃபெர்லின், சார்கோகிளைக்கன் என்று ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு வகை. இவற்றில் பெரும்பாலானவை வர அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கெட்டவருக்கு ஒன்றும் செய்யாது, அவருக்கே தெரியாது. நம் எல்லாரிடமும் இப்படி ஒளிந்திருக்கும் கோளாறுகள் சில உண்டு. அசலில் கட்டும்போது அதே கோளாறு இரு பக்கமும் பொருந்துவது அபூர்வம். மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு. அதனால் பொருந்துகிற வாய்ப்பு கூடுகிறது. இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீதம், மகனானாலும் மகளானாலும்.

மாமனுக்குக் கட்டிக்கொடுப்பது நம் பக்கத்தில் உரிமை என்றே இருக்கிறது. ஏற்கெனவே கட்டி வாழ்கிறவர்களைக் கலங்கடிக்க இதைச் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்குத் தசை நோய் இருப்பது தெரிந்த பிறகும், அடுத்த தலைமுறையில் பரிசோதனை இல்லாமல் அதே சொந்தத்தில் கட்டுவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

முப்பது வயதுக்கு மேல் வந்தால் மரபணுக் காரணம் இருக்காதுதானே?

இருக்கும். 20, 30 வயதில் பாதம் தொங்கி, செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்து, ஆனால் முன்தொடை மட்டும் பலமாகவே இருந்தால் ஜி.என்.இ. மயோபதி என்ற மரபணுத் தசை நோயை நினைக்க வேண்டும். 1981-இல் ஜப்பானில் நொனாக்கா என்ற மருத்துவர் விவரித்தது. இந்தியர்களிடம் ஒரு குறிப்பிட்ட பிழை பழைய முன்னோர் ஒருவரிடமிருந்து வந்து பரவியிருப்பது தெரிய வந்திருக்கிறது. கைகொடுத்தால் பிடியை உடனே விட முடியாமல் விரல் இறுகிக்கொண்டால், கூடவே இளம் வயதிலேயே கண்புரை இருந்தால், அது மயோடோனிக் என்ற தசைச் சிதைவு வகை. 19-ஆம் குரோமோசோமில் மூன்றெழுத்து ஒன்று திரும்பத் திரும்ப வரும். 37 தடவைக்குள் என்றால் சாதாரணம். 50-ஐத் தாண்டினால் நோய். தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை கூடுவதால் தாத்தாவுக்குக் கண்புரையோடு போனது பேரனுக்குச் சின்ன வயதிலேயே கடுமையாக வரலாம். இதில் இதயத் துடிப்பு தடைபடும் ஆபத்து உண்டு, ஈ.சி.ஜி. தவறாமல் எடுக்க வேண்டும்.

எதிர்ப்பு சக்தி தசையைத் தாக்குவது என்றால் என்ன? அது நமக்கு நல்லதுதானே செய்யும்?

கிருமியை அடிக்க இருக்கிற படை அது. ஏதோ ஒரு காரணத்தால் சொந்தத் தசையையே அந்நியமாக நினைத்துவிடுகிறது. இதில் முக்கியமாக நான்கு வகை.

ஒன்று தோலோடு சேர்ந்து வருவது. மேல் இமை ஊதா நிறமாகும், விரல் முட்டிகளின் மேல் சிவந்து தடிக்கும், கழுத்துக்குக் கீழே வெயில் படுகிற இடம் கன்றிப்போகும். நம்மூர்க் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, கருமையாகவோ தேமல் மாதிரியோதான் தெரியும். அதனால் படர்தாமரை என்று களிம்பு போட்டு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு இந்த வகை வந்தால் உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்றும் தேடிப் பார்ப்பார்கள். பயமுறுத்துகிறார்கள் என்று நினைக்காமல் ஒத்துழையுங்கள்.

இரண்டாவது நுரையீரலையும் சேர்த்துப் பிடிப்பது. படி ஏற முடியவில்லை, கூடவே வறட்டு இருமல், மூட்டு வலி, விரல் ஓரம் உழைப்பாளி கை மாதிரி வெடிப்பு. பீடி சுற்றுகிறவர்களும் வயல் வேலை செய்கிறவர்களும் “வேலையால வந்த வெடிப்பு” என்று விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது தசை நாரை மொத்தமாக மடியச் செய்வது. சித்திக்கு வந்தது இதுதான். 46 வயது, சி.பி.கே. 6,400. காட்டிய ஓர் ஆஸ்பத்திரியில், வீட்டில் ஏற்கெனவே ஒரு பையனுக்குத் தசைச் சிதைவு இருக்கிறது என்று நாங்கள் சொன்னதும், “அப்ப இதுவும் பரம்பரை, மருந்து கிடையாது” என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நம்பிவிட்டோம். டுஷேன் 46 வயதுப் பெண்ணுக்கு இப்படித் திடீரென்று வராது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். துக்கத்தில் யோசிக்கவில்லை. 14 மாதம் கழித்து, நடக்கவே முடியாத நிலையில், திருவனந்தபுரத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்பு சக்தி ஏவிவிடும் புரதம்) ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். எச்.எம்.ஜி.சி.ஆர். என்ற நொதிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. இந்த ஆன்டிபாடி அடையாளம் காணப்பட்டதே 2011 வாக்கில்தான்.

நான்காவது, 50 வயதுக்கு மேல் மெதுவாக வருவது. விரலை மடக்குகிற தசையும் முன்தொடையும் மெலியும். சட்டைப் பொத்தான் போட வராது, முழங்கால் திடீரென்று மடங்கி விழுவார்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை.

கொழுப்பு மாத்திரையால் வரும் என்கிறார்களே, நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பைத் தடுப்பது. அதனால் சிலருக்குத் தசை வலி வரும், மருந்தை நிறுத்தினால் அல்லது மாற்றினால் போய்விடும். சித்திக்கு வந்தது மாதிரியான எதிர்ப்பு சக்தி நோய் மிக மிக அபூர்வம். அதன் அடையாளம், மாத்திரையை நிறுத்திய பிறகும் பலவீனம் கூடிக்கொண்டே போவது. சித்தியும் சுகரோடு சேர்த்து அந்த மாத்திரை சாப்பிட்டுவந்தவர்தான். வலி மட்டும் இருந்தால் பதற வேண்டாம். பலமே குறைந்தால் டாக்டரிடம் சொல்லிச் சி.பி.கே. பாருங்கள்.

காலையில் நன்றாக இருக்கிறேன், சாயங்காலம் இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. இதுவும் தசை நோயா?

மயஸ்தீனியாவாக இருக்கலாம். இங்கே தசை நன்றாகத்தான் இருக்கிறது. நரம்பு கைமாற்றிக் கொடுக்கும் வாசலை ஆன்டிபாடிகள் அடைத்துவிடுகின்றன. அதனால் சி.பி.கே. சாதாரணமாகவே இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்ந்து, ஓய்வெடுத்தால் மீளும். உடம்பு முழுக்கப் பரவியவர்களில் 85 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி தெரியும். நெஞ்சில் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். பிரிடோஸ்டிக்மின் மாத்திரையில் நல்ல பலன் உண்டு. ஒரு எச்சரிக்கை: சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள் இதை முற்றவைக்கும். காய்ச்சல் என்று மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் ராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, மரபணுவா எதிர்ப்பு சக்தியா என்று எப்படித்தான் பிரிப்பது?

எங்கள் வீட்டு அனுபவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். வேகத்தை முதலில் பாருங்கள். “போன பொங்கலுக்குப் பானையைத் தூக்கி வைத்தேன், இந்தப் பொங்கலுக்கு எழவே முடியவில்லை” என்றால், அதாவது வாரங்களில் மாதங்களில் விழுந்தால், எதிர்ப்பு சக்திப் பக்கம் சந்தேகம் கூடும். “பள்ளிக்கூடத்திலேயே ஓட்டப் பந்தயத்தில் கடைசிதான்” என்று வருடக் கணக்கில் இழுத்தால் மரபணுப் பக்கம். தோல், இருமல், மூட்டு வலி, காய்ச்சல் சேர்ந்தால் எதிர்ப்பு சக்தி. தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி துருத்தினாலோ ஒரு தசை மட்டும் மெலிந்து பக்கத்துத் தசை தப்பியிருந்தாலோ மரபணு. குடும்பத்தில் இருக்கிறதா என்பது உதவும், ஆனால் எங்களைப் போல ஏமாற்றவும் செய்யும்.

இத்தனை பார்த்தும் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். டிஸ்ஃபெர்லின் குறைபாடு இளம் வயதில் ஓரளவு வேகமாக வரும். தசையில் துண்டெடுத்துப் பார்த்தால் அழற்சி அணுக்களும் தெரியும். எதிர்ப்பு சக்தி நோய் என்று நினைத்து வருடக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்து, பலனே இல்லாமல் முகம் வீங்கி எலும்பு தேய்ந்தவர்கள் உண்டு. மறுபக்கம், எச்.எம்.ஜி.சி.ஆர். வகை சின்னப் பிள்ளைகளுக்கு மெதுவாக வந்து, இடுப்பு-தோள் தசைச் சிதைவு என்ற முத்திரையோடு மருந்தே இல்லாமல் விடப்படுவதும் உண்டு. அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது: “பரம்பரை” என்று சொன்னால் எந்த மரபணு, ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள். மரபணுப் பரிசோதனையில் ஒன்றும் வராமல் சி.பி.கே. ஆயிரக்கணக்கில் இருந்தால் ஆன்டிபாடி பரிசோதனை எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். ஸ்டீராய்டில் பல மாதமாகியும் பலன் இல்லையென்றால் மரபணுவைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

டுஷேன் சந்தேகத்துக்கு முதலில் எம்.எல்.பி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. மரபணுவில் துண்டு விடுபட்டிருந்தாலோ இரட்டித்திருந்தாலோ அதில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் முழு வரிசை வாசிக்கும் பரிசோதனை. தைராய்டு, பொட்டாசியம், வைட்டமின் டி மூன்றையும் முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள். சுலபமாகச் சரியாகக்கூடிய காரணங்கள் அவை.

மருந்து இருக்கிறதா இல்லையா?

எதிர்ப்பு சக்தி வகைக்கு இருக்கிறது. பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டில் தொடங்கி, மெதோட்ரெக்சேட் அல்லது அசதையோபிரின் சேர்த்து, தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் ஊசி, ரிட்டுக்சிமாப். சித்திக்கு மருந்து தொடங்கிய மூன்றாம் மாதம் சி.பி.கே. பாதியானது. எட்டாம் மாதம் பீடிக்கட்டைத் தானே பையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தார். பஸ் படி மட்டும் இன்னமும் யாராவது கைகொடுத்தால்தான். அந்த 14 மாதத்தில் மடிந்த தசை திரும்பவில்லை. மெதோட்ரெக்சேட் பற்றி ஒன்று: வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. சித்தி வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.

மரபணு வகைக்கு அடியோடு குணமாக்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்பது பொய். டுஷேனில் ஸ்டீராய்டு அழற்சியைக் குறைத்து நடையைச் சில வருடம் நீட்டிக்கும். இதயத்துக்கான மாத்திரைகளை முன்கூட்டியே தொடங்கலாம். ராத்திரி மூச்சுக்கு முகமூடிக் கருவி ஆயுளையே கூட்டியிருக்கிறது. எக்ஸான் 51-ஐ (அந்த 79 துண்டுகளில் 51-ஆவதை) தாண்டி வாசிக்கவைக்கும் எட்டெப்ளிர்சென் என்ற மருந்து அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது. ‘மகள் தந்த நல்ல பழம்’ உதாரணத்தில், உளறலாகிவிட்ட வரியில் இன்னொரு துண்டையும் மறைத்துக் கூட்டைச் சரிசெய்வது போன்ற வேலை. அந்தப் பிழை உள்ளவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும், பலனும் சிறிதுதான். மரபணு சிகிச்சை ஒன்று 2023-இல் அங்கே அனுமதிக்கப்பட்டது. நடக்க முடியாத நிலையில் அதைப் பெற்ற இருவர் 2025-இல் கல்லீரல் செயலிழந்து இறந்த பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. நிலத்தை விற்று அங்கே ஓடலாமா என்று கேட்கிற அப்பாக்களிடம் இதை மறைக்காமல் சொல்கிறேன்.

டி.வி.யில் 16 கோடி ரூபாய் ஊசி என்றார்களே?

அது முதுகுத்தண்டு நரம்பணுக்களைப் பிடிக்கிற எஸ்.எம்.ஏ. என்ற வேறு நோய்க்கு. தசைச் சிதைவுக்கு அது உதவாது.

எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா? உடற்பயிற்சி?

இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தேய்த்து மெதுவாக வருடுவதில் கெடுதல் இல்லை. இறுகிய தசைக்கு இதமாகவே இருக்கும். அழுத்தி மிதித்து உருவுவது, நெட்டி முறிப்பது வேண்டவே வேண்டாம். பேர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், ஜாக்கிரதை.

என் தொழில் என்பதால் பயிற்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மரபணு வகையில் தினமும் குதிகால் தசைநாணை நீட்டிவிடுவது பல் தேய்ப்பது மாதிரி. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை ஒரு கையால் நேராகப் பிடித்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முகத்தை நோக்கி மெல்ல மடக்கி 30 வரை எண்ணுங்கள். வலித்தால் நிறுத்துங்கள். எடை தூக்குவது, படி இறங்கி இறங்கிப் பயிற்சி எடுப்பது கூடாது. இறங்கும்போதுதான் தசை உறை அதிகம் கிழியும். தண்ணீரில் நடப்பது நல்லது. தாமிரபரணியில் படித்துறை ஓரமாக, இடுப்பளவுத் தண்ணீரில், பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ள. எங்கள் பையன் அங்கே மட்டும்தான் கீழே விழுகிற பயமில்லாமல் நடந்தான். எதிர்ப்பு சக்தி வகையில் மருந்து பிடித்த பிறகு படிப்படியாகப் பலப்படுத்தும் பயிற்சி கட்டாயம் தேவை, அதைச் செய்யாதவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

ஆபரேஷன் வந்தால்?

மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பேரை முன்கூட்டியே சொல்லுங்கள். டுஷேன் பிள்ளைகளுக்கு சக்சினைல்கோலின் ஊசி போட்டால் இதயம் நின்றுபோகலாம். மூக்கில் கொடுக்கும் சில வாயுக்களும் ஆபத்து. ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

மூத்த பிள்ளையின் மரபணுப் பிழை எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் 11 முதல் 13 வாரக் கருவில் நஞ்சுத் திசுவை எடுத்துப் பார்க்க முடியும். கர்ப்பமான பிறகு மூத்தவனுக்குப் பரிசோதனை எடுக்க ஓடினால் நேரம் போதாது. அம்மாவின் ரத்தத்தில் பிழை இல்லை என்றாலும் முட்டைகளில் சிலவற்றில் இருக்கக்கூடும். அதனால் அவர்களும் கருவைப் பரிசோதிப்பது நல்லது.

எங்கே போக வேண்டும்? என்ன உதவி கிடைக்கும்?

முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவு. மேல் பரிசோதனைக்கு மதுரை, வேலூர், அல்லது நமக்கு ரயிலில் பக்கமான திருவனந்தபுரம். அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் நரம்பு, தசை நோய்களுக்குப் பேர்போனது. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தசைச் சிதைவும் ஒன்று. அடையாள அட்டை வாங்கினால் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம், பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிக்கும் எழுதிக் கொடுக்கலாம். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், முதல் முறை காகிதங்களோடு பெரியவர் ஒருவர் மட்டும் போய் என்ன வேண்டும் என்று கேட்டுவந்தால் போதும்.

நடக்க முடியாத பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பத்தான் வேண்டுமா?

அனுப்புங்கள். விரல் கடைசி வரை எழுதும் என்று மேலே சொன்னேனே. எங்கள் பையன் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது வகுப்பு மாடியில் இருந்தது. அக்கா போய்ப் பேசினாள். தலைமையாசிரியர் அந்த வகுப்பையே கீழே மாற்றிக் கொடுத்தார். வாசலில் இருந்த இரண்டு படிக்கு அவனுடைய கூட்டாளிகள் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தார்கள். மழை பெய்தால் வழுக்குகிறது என்று அதன்மேல் ஒரு சாக்கை விரித்து ஆணி அடித்ததும் அவர்கள்தான்.